முனியன் புறப்பட்ட நேரம்

போன வாரம் ராபர்ட்சன்பேட்டை பழைய சாமான் கடையில் ஒரு போட்டோ சட்டம் வாங்கினேன். மகளின் கல்யாணப் படம் மூன்று மாதமாக என் மேஜை டிராயரில் கிடக்கிறது. அதற்காக அவளிடம் நான் வாங்கிய பேச்சைச் சொல்லி முடியாது. தேக்குச் சட்டம். ஒரு மூலையில் மட்டும் கறையான் ருசி பார்த்திருந்தது. வீட்டுக்கு வந்து பின்பலகையைக் கழற்றினால், யாரோ ஒரு துரைக் குழந்தையின் படம், அதற்குப் பின்னே இன்னொரு தடித்த காகிதம். உருவி எடுத்ததும் ஒரு வாசனை வந்தது. வார்னிஷ், ஈரச் சுவர், அடியில் எங்கேயோ லேசாகப் பிராந்தி. பிராந்தியெல்லாம் உங்கள் பிரமை என்கிறாள் என் மனைவி. இருந்துவிட்டுப் போகட்டும். காகிதம் பிரமை இல்லை. அது ஊரிகம் பக்கத்தில் அந்தக் காலத்தில் இருந்த தங்கச் சுரங்கத்துத் துரைமார் கிளப்பின் பர்மிட். அங்கே சீமைச் சரக்கு வைத்திருக்கலாம், ஊற்றலாம், குடிக்கலாம் என்று சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்த அனுமதி.

இந்தக் காகிதத்துக்குக் கீழே ஆறு வருஷம் நின்றவன் நான். நான் குடிக்கப் போகவில்லை, அவசரப்படாதீர்கள். நான் கிளப் ரைட்டர். சரக்கு அலமாரியின் சாவி என் இடுப்பில் இருக்கும், விருந்தாளிப் புத்தகம் என் மேஜையில் இருக்கும். அந்த வேலை எனக்குக் கிடைத்த கதை ஒரு கூத்து. எங்கள் கோயிலில் பாதிரி ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுவின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்து, இனி தொடமாட்டேன் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் கோட்டில் குத்திக்கொள்ள நீல ரிப்பன் கொடுத்தார். எனக்கு அப்போது கல்யாணமாகாத வயசு, கோட்டும் புதுசு. உண்மையைச் சொன்னால் ரிப்பனுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த ரிப்பனைப் பார்த்துத்தான் கிளப் செக்ரட்டரி துரை என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். முன்னால் இருந்த ரைட்டர்கள் மூன்று பேரும் அலமாரியைக் காலி பண்ணிவிட்டுப் போனவர்களாம்.

எங்கள் லைனில் அடுத்த வீட்டு முனியன் அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. லைன் என்றால் தெரியுமல்லவா, மூங்கில் தட்டியும் தகரமும் வைத்து வரிசையாகக் கட்டிய கூலி வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். முனியன் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் இறங்கும்போதும் பாட்டு, ஏறும்போதும் பாட்டு. காலை ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் நேரே கள்ளுக்கடை. ஒரே ஒரு மொந்தை ஈச்சங்கள். அதற்கு மேல் யார் வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார். வீட்டு வாசலில் என்னைப் பார்த்தால் விடமாட்டார். "யோவ் ரைட்டரே, ஒரு நாளைக்கு உன் கிளப்புல ஒரு கிளாஸ் குடிக்கணும்யா. நின்னுக்கினு இல்ல. நாற்காலில குந்திக்கினு." நானும் வாங்க வாங்க என்று அசட்டுச் சிரிப்பு சிரிப்பேன். கூலிக்காரர்கள் அந்த கேட்டைத் தாண்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஈச்சங்கள் வாசனையை இப்போது எங்கே போய்த் தேடுவது? கடை என்று பெயர், நான்கு பக்கமும் ஈச்ச ஓலைத் தட்டி. புளித்த நெடியும், வறுத்த கொள்ளின் மணமும், ஷிப்டு விட்டு வந்தவர்கள் மேலிருந்து வரும் வெடிமருந்துப் புகை வாடையும் ஒன்றாகச் சேர்ந்து, தூரத்திலிருந்தே மூக்கைப் பிடித்து இழுக்கும். ரிப்பன் குத்தியவன் நான், அந்த வழியாகப் போகும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன். வாசலில் ஒரு பலகை. அதில் எத்தனை கூடாதுகள், அடேயப்பா! சங்குக்கு முன் திறக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பின் விற்கக் கூடாது. பெண்கள் வாங்கக் கூடாது. பானையில் வாங்கி வெளியே கொண்டுபோகக் கூடாது. கடைசியில் ஒன்று இருந்தது, அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சுரங்கத்தில் சாவு விழுந்தால் மூன்று நாள் கடை சாத்த வேண்டும்.

கூலிகள் கூட்டம் சேர்ந்து குடித்துவிட்டு ஏதாவது கலாட்டா செய்வார்கள் என்று கம்பெனித் துரைமாருக்குப் பயம். பயம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மூன்று நாள் என்று கணக்குப் போட்ட மகானுபாவனுக்கு எங்கள் ஜனங்களைப் பற்றி என்ன தெரியும்? புதைத்த மூன்றாம் நாள்தான் பால் ஊற்றுவது. செத்தவர் ஆசையாகத் தின்றதையும் குடித்ததையும் அன்றைக்குத்தான் முன்னால் வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று அனுப்புவார்கள். நான் வேதக்காரன், எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் லைனில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? கள் குடித்தே வாழ்ந்த மனுஷனுக்கு, அது கட்டாயம் வேண்டிய ஒரு நாளில் கடைக்குப் பூட்டு.

கிளப்புக்கு அப்படி ஒரு விதி உண்டா என்று கேளுங்கள். நான் இருந்த காலத்தில் ஒரு துரை காய்ச்சலில் செத்தார். அன்றைக்கு கிளப்பை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தார்கள். துக்கம் கொண்டாட வேண்டாமா? எல்லோரும் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். இரண்டு பேரை வாட்ச்மேன்கள் கைத்தாங்கலாக பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றியவன் நான்.

பர்மிட்டில் கிளப்புக்கும் விதிகள் இருந்தன, இல்லாமல் இல்லை. இதோ முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கிளப்பின் அங்கத்தினருக்கும், அங்கத்தினரோ கிளப் உத்தியோகஸ்தரோ அழைத்து வந்த விருந்தாளிக்கும் மட்டும் ஊற்றலாம். விருந்தாளியின் பெயர் புத்தகத்தில் இல்லாமல் ஒரு துளி ஊற்றக் கூடாது. ஊற்றியது எதுவும் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் ஆப்காரி கச்சேரிக்காரர்கள், அதாவது கள் சாராய இலாகாக்காரர்கள், நம்பர் போட்டு முத்திரை குத்தியிருப்பார்கள். ஒரு தாள் குறைந்தாலும் பர்மிட் போச்சு. பெயர், இருப்பிடம், அழைத்து வந்தவர், குடித்தது, வந்த நேரம், புறப்பட்ட நேரம் என்று கட்டங்கள். ஒரு வரியை எந்தக் கை ஆரம்பித்ததோ அதே கைதான் முடிக்க வேண்டும். நான் இதையெல்லாம் வேதவாக்கியம் போல மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். என் புத்தகத்தில் ஒரு மைப்பொட்டு இருக்காது. அவ்வளவு பெருமை எனக்கு, வெட்கக்கேடு.

முனியன் அண்ணன் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சுரங்கத்தின் கீழ்த் தளத்தில், லெவல் என்போம், பாறை தானாக வெடித்துவிட்டது. லைனில் எங்கள் வீட்டுத் தகரம் அதிர்ந்தது எனக்குக் கேட்டது. மேலே தூக்கி வந்து கிடத்தினார்கள். அதைப் பற்றி வேண்டாம். அன்று பிற்பகலே கள்ளுக்கடைக்குப் பூட்டு. மூன்றாம் நாள் காலையில் அவருடைய தம்பி ஏழுமலை சுரங்கக் கம்பெனி எல்லைக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் போய்க் கள் வாங்கி வந்திருக்கிறான். எல்லைக் கல்லுக்கிட்டே வாட்ச்மேன்கள் மடக்கி, பானையைக் கல்லிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். அவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். துரைமார் எல்லோரும் ஆபீஸிலும் சுரங்கத்திலும் இருக்கிற நேரம். நான் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கிளப் வராந்தாவில் முனியன் பெண்சாதி பச்சையம்மா. பின்னால் ஏழுமலை, கையில் மூடிய கூடை. வாட்ச்மேன் எங்கே போனான் என்று கேட்காதீர்கள், அவனும் எங்கள் லைன்காரன்தான்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். என்னக்கா இங்கே என்றேன். அவருக்குக் கள் கிடைக்கவில்லை, ஊரெல்லாம் பூட்டு, பூட்டில்லாத இடம் இது ஒன்றுதான் என்றாள். அழவில்லை. முடியாது என்று நேரே சொல்ல வாய் வரவில்லை. அதனால் விதியைச் சொன்னேன். கோழைகளுக்கு விதி நல்ல ஒதுங்கிடம். புத்தகத்தில் பெயர் இல்லாமல் ஊற்றக் கூடாதக்கா, என் வேலை போய்விடும் என்றேன்.

"பேரு இருந்தா ஊத்துவியா?"

"பேரும் இருக்கணும், ஆளும் வரணும்க்கா" என்றேன். அதோடு போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பித்தளை வில்லை. சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட வில்லை உண்டு. இறங்கும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும், ஏறியதும் பலகையில் மாட்ட வேண்டும். வில்லை பலகைக்கு வரவில்லை என்றால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். முனியனுடைய வில்லை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதை என் புத்தகத்தின் மேல், அன்றைய தேதிக்கு நேராக வைத்தாள்.

"வந்துட்டாரு. எழுது தம்பி."

வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஏதோ உளறினேன். வெளியில் எதற்குக் கொண்டுபோகிறோம், இங்கேயே வைக்கிறோம் என்றாள். அவள் சொன்னதில் விதிக்கு விரோதமாக ஒன்றுமே இல்லை. நானும் தேடித்தேடிப் பார்த்தேன். தலைக்கு மேலே சுவரில் இந்தக் காகிதம் தொங்குகிறது. அந்தத் துரை செத்த அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று குடித்தது நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் கையெழுத்து அழகாகிவிடும். முனியன், ஊரிகம் லைன் என்று குண்டுகுண்டாக எழுதினேன். அழைத்து வந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டு, கிளப் ரைட்டர் என்று உத்தியோகத்தையும் சேர்த்தேன். வந்த நேரம் மூன்றேகால். அடுத்த கட்டம் வந்ததும் ஆறு வருஷப் பழக்கம் பாருங்கள், தலையைத் தூக்காமலே அவர் என்ன குடிப்பார் என்று கேட்டேன்.

"தொரைங்க இன்னா குடிக்கிறாங்களோ, அத்தான்."

ஒரு பிராந்தி என்று எழுதினேன். பச்சையம்மா பெயரையும் ஏழுமலை பெயரையும் கீழே எழுதி, குடித்தது என்ற இடத்தில் தண்ணீர் என்று போட்டேன். இருப்பதில் நல்ல பிராந்தியாக எடுத்து, நல்ல கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினேன். வராந்தாவில் செக்ரட்டரி துரை உட்காரும் பெரிய பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் வில்லையை வைத்தாள். முன்னால் இருந்த மேஜையில் வாழையிலை, சோறு, கருவாட்டுக் குழம்பு, இரண்டு வெற்றிலை, கிளாஸ். ஏழுமலை கற்பூரம் ஏற்றினான். அவர்கள் கும்பிட்டார்கள். வேதக்காரன் நான், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளப் பூராவும் கருவாட்டு வாசனை. அந்தக் கட்டிடம் அவ்வளவு நல்ல வாசனையை அதற்கு முன் கண்டிருக்காது.

செக்ரட்டரி துரை அன்றைக்கென்று சீக்கிரம் வந்து தொலைத்தார். கையில் டென்னிஸ் மட்டை, கூட இரண்டு துரைகள். வராந்தாப் படியில் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இது என்ன என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார். விருந்தாளி என்றேன். எங்கே விருந்தாளி என்றார். நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் முகம் செம்பருத்தியாகிவிட்டது. இரண்டே எட்டில் மேஜைக்கு வந்து கிளாஸை எடுக்கக் கையை நீட்டினார். பச்சையம்மா எழுந்து குறுக்கே வந்து நின்றாள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஆனால் பேச்சு என்னிடம்.

"இப்பத்தான் குந்தினாரு. குடிச்சிட்டு எய்ந்துப்பாருன்னு சொல்லு தம்பி."

நான் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில், ஒரு சொல் விடாமல், சார் என்று சேர்த்துச் சொன்னேன். கூட வந்த துரைகளில் ஒருவர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். செக்ரட்டரி துரையின் கை அந்தரத்திலேயே நின்று, பிறகு இறங்கியது. கற்பூரம் எரிந்து அணைந்தது. பச்சையம்மா கிளாஸிலிருந்து மூன்று சொட்டைக் கிளப் தரையில் விட்டாள். மிச்சத்தை அப்படியே நாற்காலிக்கு முன்னால் விட்டுவிட்டு, இலையை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டாள். போகும்போது வில்லையை எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாமா என்று ஏழுமலை கேட்டான். அவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்புறம் எனக்கு நடந்த மண்டகப்படியை விரிவாக எழுதப் போவதில்லை. அந்த வரிகளை அடி என்றார் துரை. அடிக்க மாட்டேன் என்றேன். தாளைக் கிழிக்க முடியாது, நம்பர் இருக்கிறது. நீ உத்தியோகஸ்தன் இல்லை, உனக்கு விருந்தாளி அழைக்க உரிமை இல்லை என்று கத்தினார். உத்தியோகஸ்தன் இல்லாதவன் கையிலா ஆறு வருஷமாகச் சரக்குச் சாவி இருந்தது, இதை ஆப்காரி இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். இதைக் கேட்டது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. சாவியை வைத்துவிட்டு வெளியே போ என்றார். போனேன். ஞாயிற்றுக்கிழமை பாதிரி ஐயர் வேறு, ரிப்பன் குத்திய கையால் பிராந்தி ஊற்றி விக்கிரகத்துக்குப் படைத்தாயே என்று ஒரு பிடி பிடித்தார். ஆறு வருஷமாக ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறேன் ஐயா, அப்போதெல்லாம் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அவர் நல்ல மனுஷன். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து கிளப்பிலிருந்து ஆள் வந்தது. என்னவென்றால், பர்மிட்டைப் புதுப்பிக்க ஆப்காரி இன்ஸ்பெக்டர் வந்து புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். பெயர் சரி, அழைத்து வந்தவர் சரி, பிராந்தி சரி. ஆனால் முனியன் என்பவருக்குப் புறப்பட்ட நேரம் எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறார். பச்சையம்மாவுக்கும் ஏழுமலைக்கும் நான் நேரம் போட்டிருந்தேன். அவர்கள் போனதைக் கண்ணால் பார்த்தேன். முனியன் கட்டம் காலி. அது நிரம்பாமல் புது பர்மிட் கிடையாது, நிரப்புவதானால் அதே கையெழுத்து வேண்டும். ஒரே ஒரு நேரம் எழுதிக்கொடு, வேலையைத் திரும்ப எடுத்துக்கொள் என்று செக்ரட்டரி துரை சொல்லியனுப்பியிருந்தார்.

வேலையில்லாமல் இரண்டு மாதம். வீட்டில் அம்மா அரிசி அளக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். மூன்றே முக்கால் என்று எழுதினால் யார் குடி முழுகிவிடும்? ஆனாலும் பச்சையம்மாவைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. அவள் அப்போது தங்கப் பாறையை அரைக்கிற மில்லில் கல் பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு போனத நீ பாத்தியா?"

"இல்லக்கா."

"நானும் பாக்கல. பாக்காதத இன்னான்னு எழுதுவ?"

அவ்வளவுதான். விருந்தாளி புறப்பட்டதை நான் பார்க்கவில்லை, ஆகையால் எழுத முடியாது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்தக் கையெழுத்தும் அழகாக இருந்தது. கச்சேரிக்கும் கிளப்புக்கும் கடிதம் போய் வந்து, போய் வந்து, பழைய பர்மிட்டின் நாள் முடிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் துரைமார் கிளப்பில் எலுமிச்சம்பழ ரசம் குடித்தார்கள். எங்கள் லைனில் அந்த வாரம் சிரித்த சிரிப்புக்குத் தகரமெல்லாம் ஆடியது. கடைசியில் இன்ஸ்பெக்டர் என் துண்டுக் காகிதத்தை அந்தப் பக்கத்தில் ஒட்டி, புறப்பட்டதாகத் தகவல் இல்லை என்று எழுதி முத்திரை குத்தினாராம். கள்ளுக்கடைப் பலகையிலிருந்து அந்த மூன்று நாள் விதி மட்டும் போகவில்லை. நான் நந்திதுர்க் பக்கம் மர டிப்போவில் கணக்கெழுதப் போய்விட்டேன்.

இந்தச் சட்டத்தில் இப்போது மகள் படம் இல்லை. பர்மிட்டையே முன்பக்கம் வைத்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். ஒரு துளி சரக்கு நுழையாத வீட்டில் சரக்கு பர்மிட்டா என்று மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும், அவளுக்கு வேறு சட்டம் வாங்கித் தருகிறேன்.

நேற்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். கள்ளுக்கடை இருந்த இடம் தெரியவில்லை. எங்கள் லைனைப் பிரித்துவிட்டார்கள். பச்சையம்மா ஆம்பூர்ப் பக்கம் ஏழுமலையோடு போனவள், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி. பழைய கிளப் இருந்த இடத்தில் மில்லிலிருந்து கொட்டிய சாம்பல் மண் மலையாக நிற்கிறது. வராந்தா, பிரம்பு நாற்காலி, என் மேஜை எல்லாம் அதற்கு அடியில். புத்தகத்தைக் கறையான் தின்றிருக்கும். தின்னட்டும். அது தின்று முடிக்கிற வரைக்கும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கும். யாரும் முனியனை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை.